கல்யாணக் கோட்டின் முதுகு

அந்தப் பையைக் காலால் இடித்துவிடாதீர்கள் தம்பி. உள்ளே கோட்டு இருக்கிறது. யாராவது தின்பண்டம் என்று நினைத்து நகர்த்திவிடுவார்களோ, மேலே உட்கார்ந்துவிடுவார்களோ என்று நாசரேத் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே பயம். மடியில் வைத்தால் வேர்வை படும். மேல்பலகையில் வைத்தால் மடிப்பு கலையும். கீழே வைத்தால், இதோ, எல்லார் காலும் அங்கேதான் வருகிறது.

என் மகனுடைய கோட்டு. வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம். ஆமாம், வருகிற இந்த வியாழன்தான். கல்யாண வீட்டை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மா தனியாக எங்கே போகிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? பாளையங்கோட்டைக்குப் போகிறேன். அங்கே ஒரு டெய்லர் இருக்கிறாராம், தைத்த கோட்டைப் பிரித்து அகலம் வைப்பதில் கெட்டிக்காரராம். கிங்ஸ்லிக்குத் தெரியாது. கிங்ஸ்லிதான் என் மகன். பீரோவில் தொங்குகிற கவருக்குள் அவன் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திறந்து பார்த்தால் தெரியும். திறக்க மாட்டான். அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறான். அதுதானே இப்போது வந்திருக்கிற வினை.

நீங்கள் திருச்செந்தூர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்கள் போல, நெற்றியில் திருநீறு இருக்கிறது. நல்லது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கோட்டுசூட்டு போட்டுத்தான் கோயிலுக்கு வர வேண்டும். அதைப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் வெயில் காட்டி, பாச்சை உருண்டை போட்டு, பீரோவில் வைத்துவிடுவோம். அதோடு அதை யாரும் எடுப்பதில்லை. ஊரில் எத்தனையோ விசேஷம் வரும், எதற்கும் எடுப்பதில்லை. கடைசியில்தான் எடுப்போம். உயிர் போன பிறகு, பெட்டியில் வைக்கும்போது. பெண்களுக்குக் கல்யாணச் சேலை, ஆண்களுக்குக் கல்யாணக் கோட்டு. என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? இதில் பயப்பட ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

சேலை யாருக்கும் போதும். கட்டுகிற விதத்தில் கட்டிவிடலாம். கோட்டு அப்படியா?

எங்கள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வீட்டில்தான் கோட்டு எடுத்தார்கள். இப்போது மாதிரி மாப்பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அன்றைக்குக் கிடையாது. கூப்பிட்டு நிறுத்தி அளவெடுத்தால், பெண் வீட்டாருக்குக் கண் அளவு கூடவா தெரியாது என்று கேட்டுவிடுவார்கள். அதனால் என் அண்ணன் ராஜாசிங்கை நிறுத்தி, அவன் உடம்புக்கு அளவெடுத்தார்கள். அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரே வாகு என்று நானும் சொன்னேன். நான் இவரைப் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும்தான். அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிற ஆளுடைய தோள் யாருக்குத் தெரியும்? அதுவும் தலை குனிந்து பார்த்தது. தப்பு யார் மேலும் இல்லை. அண்ணன்தான் கொஞ்சம் நோஞ்சானாகப் போய்விட்டான்.

தாலி கட்டும்போது இவருக்குக் கை மேலே ஏறவில்லை. காதுப் பக்கம் வந்து, மெதுவாக, "கொஞ்சம் குனி பிள்ளே, கை ஏறல" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் குனிந்தேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள், பெண் ரொம்பப் பணிவாக இருக்கிறாள் என்று. கோட்டு இறுக்கம் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படி ஒரு மனுஷர். எலியேசர் என்று பெயர். மின்வாரியத்தில் லைன்மேன். எதுவும் தனக்கு வேண்டும் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதும் இல்லை. சட்டை, செருப்பு, முடி வெட்டுகிற நாள் வரைக்கும் எல்லாம் நானே பார்த்துச் செய்துவிடுவேன்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே படுத்துக்கொண்டு ஒருநாள், "வயலட், எனக்கு வேட்டி சட்டை போதும், என்ன. அந்தக் கோட்டு வேண்டாம்" என்றார். நான் காதிலேயே வாங்கவில்லை. மருந்து மயக்கத்தில் எத்தனையோ பேசுவார்கள். மறுநாளும் அதையே சொன்னார். "ஏன் இப்படி அச்சானியமா பேசுதீக, வீட்டுக்குத்தான் போகப் போறோம்" என்று அடக்கிவிட்டேன். வேட்டி சட்டையோடு பெட்டியில் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டிக்கு பீரோவைத் திறக்கவும் மனசு வரவில்லை என்று சொல்லும்.

இது ஆழ்வார்திருநகரியா? இன்னும் நேரம் இருக்கிறது.

அவர் போன அன்றைக்கு மரியதாஸ் என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். பெட்டி செய்கிறவர், குளிப்பாட்டி உடுத்துவதும் அவரேதான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கிங்ஸ்லியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கிலிருந்து குரல் வந்தது. "எக்கா, கை நுழையல. வேற ஏதும் உடுப்பு இருக்கா?"

"கல்யாணக் கோட்டுதான் போடணும். பாத்துப் போடுங்க" என்றேன்.

"பாத்துன்னா எப்படிக்கா. அன்னைக்கு இருந்த ஆளா இன்னைக்கு இருக்காவ."

துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது? பிறகு கத்திரிக்கோல் சத்தம் கேட்டது தம்பி. சட்டைத் துணி வெட்டுகிற சத்தம் இல்லை. கெட்டியான துணி, உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்தது, அதை வெட்டுகிற சத்தம். நிறுத்தி நிறுத்தி வெட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டு எதையோ எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டு கேட்கவில்லை. அந்தச் சத்தம்தான் கேட்டது.

வெளியே கொண்டுவந்து கிடத்தினபோது அப்படி ஒரு அழகு. பொத்தான் எல்லாம் போட்டு, டை கட்டி, மார் மேல் கை வைத்து. கல்யாணத்தன்றைக்குக்கூட அந்தக் கோட்டு அவருக்கு அப்படிப் பொருந்தவில்லை. "எலியேசர் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருக்காவ" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு நிம்மதி.

அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் கிங்ஸ்லியிடம் கேட்டேன், எப்படிடா நுழைந்தது என்று. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பின்னாடி வெட்டிட்டாங்கம்மா. காலர்ல இருந்து கீழ வரைக்கும். ரெண்டு பாதியா முன்பக்கமா சொருகி, அடியில மடக்கிவிட்டாங்க. நாந்தான் அப்பாவ நிமித்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." அதோடு சரி. அதைப் பற்றி அவன் திரும்பப் பேசவே இல்லை. ஆம்பிளைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். எனக்குத்தான் மறக்கத் தெரியவில்லை.

அவர் வருகிறார் தம்பி. சிரிக்காதீர்கள். இல்லை, நீங்கள் சிரிக்கவில்லை, எனக்குத் தெரிகிறது. பட்டப்பகலில் வருகிறார். நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன், அடுக்களைச் சுவர் ஓரமாக நிற்பார். கோட்டு போட்டுக்கொண்டு, டை கட்டிக்கொண்டு, பெட்டியில் வைத்த மாதிரியே. ஒன்றும் பேச மாட்டார். ஆனால் சுவரை விட்டு நகர மாட்டார். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டும் என்றால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பார். பின்பக்கம் கால்சட்டை கிழிந்த பையன் பள்ளிக்கூடத்தில் நடப்பான் பாருங்கள், அந்த மாதிரி. வாசல் வந்ததும் நின்றுவிடுவார். வாசலில் முதுகுக்குச் சுவர் இல்லையே. நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே, "போங்க, நான் பாக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டார்.

எங்கள் சபை ஐயரிடம் போய்ச் சொன்னேன். நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது மரித்தவர்கள் எல்லாரும் கல்லறையை விட்டு எழுந்திருப்பார்கள் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. ஊர் மொத்தமும் எழுந்திருக்கும். ராஜாசிங் எழுந்திருப்பான், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் கோட்டு அவனுக்குச் சரியாக இருந்தது. எல்லாரும் வரிசையாகப் போவார்கள். இவர் மட்டும் கல்லறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாரா? இதைத்தான் ஐயரிடம் கேட்டேன்.

"அங்க கோட்டெல்லாம் கிடையாதும்மா. எல்லாருக்கும் வெள்ளை அங்கி" என்றார்.

"அப்போ எதுக்கு ஐயரே உடுத்திப் புதைக்கோம்?"

"அது நம்ம ஆறுதலுக்கு."

எனக்கு என்ன ஆறுதல் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். மறுநாளும் இவர் வந்து சுவர் ஓரம் நின்றார். ஐயருடைய ஜெபத்தில் குறை இல்லை. கோட்டில்தான் குறை.

இந்தக் கல்யாணம் வந்ததும் நான் முடிவு பண்ணினேன். என் பிள்ளைக்கு எடுக்கிற கோட்டு ஒழுங்காக எடுக்க வேண்டும். பெண் பெயர் பெனிட்டா. சாயர்புரம். டீச்சர். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம். தூத்துக்குடியில் பெரிய கடைக்கு அவர்கள் ரெண்டு பேரும் போவதாக இருந்தார்கள். நானும் போய் காரில் ஏறிக்கொண்டேன். கிங்ஸ்லி என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மாதிரியே.

கடையில் ஒரு பையன் கோட்டுகளை எடுத்துப் போட்டான். நீலம், சாம்பல், மெரூன். இவன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். உடம்போடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பெனிட்டா, "சூப்பரா இருக்கு" என்றாள். நான் எழுந்து பின்னால் போய், கோட்டுக்கு உள்ளே முதுகில் கையை விட்டுப் பார்த்தேன். இவன் சாட்டையால் அடித்த மாதிரித் துள்ளிவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி.

"இதுல ஒரு கை கூட நுழையல. பெருசா எடுங்க" என்றேன்.

"ஆன்ட்டி, இதான் இப்ப ஃபேஷன். ஸ்லிம் ஃபிட்" என்றான் கடைக்காரன்.

"இப்ப ஸ்லிம். பெறகு?"

"பெறகு வேற எடுத்துக்கலாம் ஆன்ட்டி."

"பெறகு யாரு எடுப்பா? இதான் ஒரே கோட்டு. உள்தையல்ல துணி எவ்வளவு விட்டிருக்கு, அதக் காட்டுங்க."

அவன் பெனிட்டாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். அவள் என் தோளில் கை வைத்து, "அத்தை, ஒரு நாள் போடுற கோட்டு. இதுக்குப் போயி ஏன் இவ்வளவு யோசிக்கீங்க?" என்றாள்.

"ஒரு நாளா? ரெண்டு நாளும்மா" என்றேன்.

நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே தம்பி. உள்ளதைத்தானே சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதற்கு அர்த்தம் புரிந்ததும் கையை எடுத்துக்கொண்டது. கிங்ஸ்லி கண்ணாடியைப் பார்த்தபடி அப்படியே நின்றான். சரி, இதோடு பார்த்துவிடுவோம் என்று நான் அவன் கையைப் பிடித்து, மார் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி வைத்தேன். தோளில் எங்கே இழுக்கிறது என்று அப்போதுதானே தெரியும்.

"என்னம்மா பண்ணுத?"

"ஜெபம் பண்ணும்போது இழுக்குதான்னு பாக்கேன்."

"யாரும் இப்படி ஜெபம் பண்ண மாட்டாங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "எனக்குக் கோட்டே வேண்டாம். வேட்டி சட்டையில கட்டிக்கிடுதேன்."

அச்சாக அவன் அப்பா பேசுகிற பேச்சு. எங்கிருந்துதான் வருகிறதோ. கோயிலில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பானாம். பெண் வீட்டார் பாவம், அதே ஸ்லிம் கோட்டை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் காரில் வரும்போது, பெனிட்டாவை இறக்கிவிட்ட பிறகு சொன்னான், "எனக்கு ஒண்ணுன்னா அவ பாத்துக்கிடுவா. நீ எனக்கு அளவெடுக்காதம்மா." பெற்றவளிடம் பேசுகிற பேச்சா? சாகிறதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேனா? ரெண்டு நாள் என்றுதானே சொன்னேன்.

அவள் பார்த்துக்கொள்வாள்தான். அதுதானே என் கவலை. அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். இவன் நூறு வயசு இருக்கட்டும், இருந்து போகட்டும். ஆனால் ஒருநாள் அந்தப் பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வரும். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காது. அதற்கு மட்டும் கேட்கும். பிறகு வாழ்நாள் முழுக்க அதன் வீட்டு அடுக்களைச் சுவரில் என் பிள்ளை ஒட்டிக்கொண்டு நிற்பான். என் பிள்ளை தம்பி. அவன் வாசலில் நடுவாக நடக்க வேண்டாமா?

இது ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டது போல. ஆமாம், ஆற்றைக் காணோம்.

டெய்லரிடம் போனில் பேசினேன். உள்தையலில் துணி இருந்தால் பிரித்து அகலம் வைக்கலாம், இல்லாவிட்டால் முதுகில் அதே நிறத்தில் ஒரு பட்டை கொடுத்துவிடலாம் என்றார். ஆனால், "ஆளக் கூட்டிட்டு வாங்கம்மா. ஆள் இல்லாம எங்க பிரிக்க, எவ்வளவு விடன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். நியாயம்தான். அண்ணனை வைத்து அளவெடுத்த கதை எனக்குத் தெரியாதா? ஆனால் கிங்ஸ்லி வர மாட்டானே. சொந்தக்காரப் பையன்களைக் கூப்பிட்டால் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும். காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்கார்ந்து, போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருத்தன் உயரம் இருந்தால் அகலம் இல்லை. ஒருத்தனுக்குத் தோள் சரிந்திருந்தது. இந்த வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். முதுகைத்தான் பார்த்தேன். மேலே இருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நேராக வந்து நின்ற பெட்டியில் இடம் இருந்தும் இங்கே வந்து ஏறியது அதற்காகத்தான்.

கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். ஒரே ஒரு தடவை. இதோ, பையை விட்டு எடுத்துவிட்டேன். கையைப் பின்னால் நீட்டுங்கள், நான் மாட்டிவிடுகிறேன். வேர்வை பரவாயில்லை. நுழைகிறதா? நுழைகிறது. பொத்தான் போடுங்கள். ஆண்டவரே, அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கிங்ஸ்லி நிற்கிற மாதிரியே இருக்கிறது. திரும்புங்கள். தையல் இங்கே நடுவில் வருகிறது, முழுசாக இருக்கிறது. துள்ளாதீர்கள், கைதான். பார்த்தீர்களா, என் கை நுழையவில்லை. இங்கேதான் பட்டை வேண்டும்.

வெட்கப்படாதீர்கள், எல்லாரும் இறங்கிவிட்டார்கள், பெட்டியில் யாரும் இல்லை. அதோ, கை கழுவுகிற தொட்டிப் பக்கம், சுவர் ஓரமாக யாராவது நிற்கிறார்களா? இல்லையா? சரி. நின்றாலும் நிற்கட்டும். அவரும் பார்க்கட்டும்.

நின்றுகொண்டு பார்த்தால் பாதி அளவுதான் தெரிகிறது தம்பி. இந்த சீட்டில் கொஞ்சம் படுங்களேன். நீளமாகத்தான் இருக்கிறது, காலை நீட்டலாம். பாளையங்கோட்டை வருவதற்குள் ஒரு நிமிஷ வேலை. அப்படித்தான். தலையை நேராக வையுங்கள். கையை மார் மேல், வலது கை மேலே வரட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் கூசும்.

தோளில் இழுக்கவில்லையே? நீங்கள் மூச்சு விடும்போது துணி ஏறி ஏறி இறங்குகிறது. அளவு பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. நான் சொல்கிறவரைக்கும்.